கன்சாஸில் பார்க்க ஒன்றுமே இல்லையா? (பிரெய்ரி என்னும் புல்வெளி பற்றி ஓர் இழை)

நெடுவழி

கன்சாஸ் சிட்டிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஐ-70 நெடுஞ்சாலை வழியாக டென்வருக்கு எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டிக்குள் ஒரே பேச்சுதான்: "இங்கே என்ன இருக்கு, ஒரு மலை உண்டா, ஒரு மரம் உண்டா?" பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு எல்லை தாண்டும்வரை மிதிப்போம்.

போன வாரம் எம்போரியாவில் ஒரு வேலை. சீக்கிரம் முடிந்து அரை நாள் கையில் இருந்தது. மேற்கே ஸ்ட்ராங் சிட்டி போய், 177ஆம் சாலையில் இரண்டு மைல் வடக்கே திரும்பினால் டால்கிராஸ் பிரெய்ரி நேஷனல் பிரிசர்வ் என்ற பாதுகாக்கப்பட்ட புல்வெளி. 1881இல் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு, அதை ஒட்டி மூன்று அடுக்குக் கல் தொழுவம். அங்கே வண்டியை விட்டுவிட்டு நடந்தேன்.

மேட்டில் புல் முழங்கால் அளவுதான். ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் என் தலையைத் தாண்டி நிற்கிறது. உச்சியில் கதிர் மூன்றாகப் பிரிந்து, கோழிக்கால் மாதிரி. செப்டம்பர் கடைசி என்பதால் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறியிருந்தது. ஆற்றில் புடவை அலசும்போது துணி விரிந்து மடங்குமே, காற்று வந்தபோது மலைச்சரிவு முழுக்க அப்படித்தான் அசைந்தது. தூரத்தில் பத்துப் பதினைந்து பைசன்கள், இந்த ஊர்க் காட்டெருதுகள். ஒரு மணி நேரம் நின்றேன், ஒரு போட்டோகூட எடுக்கத் தோன்றவில்லை.

இப்போது சந்தேகம். அங்கிருந்த ரேஞ்சர் "இது உழப்படாத நிலம், உழப்படாத நிலம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? புல்தானே, சும்மா விட்டால் திரும்ப முளைக்காதா?

சைக்கிள்மணி

அரை நாள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களா! மாடுகூட தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளுமே சார். 😀

மண்வாசகன்

நெடுவழி அண்ணா, புல் முளைக்கும். பிரெய்ரி முளைக்காது. நான் ஐயோவாவில் மண்ணியல் படிக்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த செடியில் பெரும்பகுதியை நீங்கள் பார்க்கவே இல்லை, அது மண்ணுக்குள் இருக்கிறது. அந்தக் கோழிக்கால் புல்லின் பெயர் பிக் புளூஸ்டெம். இங்கே வான்கோழிக்கால் என்றும் சொல்வார்கள். அதன் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகும். காம்பஸ் செடி என்று ஒன்று, இலையின் விளிம்பை வடக்கு தெற்காகத் திருப்பி வைத்துக்கொள்ளும். அதன் ஆணிவேர் நாலு மீட்டரைத் தாண்டும். நூறு வருடத்துக்கு முன் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டி, உள்ளே நின்றபடி வேர்களை ஒவ்வொன்றாகத் துலக்கிப் படமாக வரைந்தார். அந்தப் படங்களில் மேலே இருக்கும் செடி ஏதோ தொங்கட்டான் மாதிரி இருக்கும்.

இந்த வேர்களில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் செத்து மட்கும். பனிப்பாறை விலகிய பிறகு ஆயிரக்கணக்கான வருடம் இப்படி மட்கியதுதான் ஐயோவாவின் கரும் மண். அந்த மண்ணே பிரெய்ரிக்கு எமனாகவும் ஆனது.

முதலில் வந்தவர்களால் இதை உழ முடியவில்லை. வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் களியாக அப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டும். 1837இல் இலினாயில் ஜான் டீர் என்ற கொல்லர் உடைந்த ரம்பத் தகட்டை வளைத்து ஒரு கலப்பை செய்தார். எஃகின் பளபளப்பில் மண் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் 1862இல் ஹோம்ஸ்டெட் சட்டம், குடும்பத்துக்கு 160 ஏக்கர். சதுப்பாகக் கிடந்ததையும் விடவில்லை. சுட்ட மண் குழாய்களை வயலுக்கு அடியில் புதைத்துத் தண்ணீரை வடித்தார்கள். உயர்புல் பிரெய்ரி ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் இருந்தது. இன்று மிச்சம் நூற்றுக்கு நாலுகூட இல்லை. எங்கள் ஐயோவாவில் ஆயிரத்தில் ஒன்று.

மிச்சத்தில் பெரும்பகுதி நீங்கள் நின்ற ஃபிளின்ட் ஹில்ஸில்தான். யாரும் பாதுகாத்ததால் தப்பவில்லை. அங்கே அரை முழம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை, அதற்குள் சக்கிமுக்கிக் கல். கொழு உடைந்தது, மனிதர்கள் கலப்பையைத் தூக்கிவைத்துவிட்டு மாடு மேய்த்தார்கள். அவ்வளவுதான் கதை.

எங்கள் பக்கம் பாறை இல்லை. அதனால் மிஞ்சியது எங்கே தெரியுமா? ரயில் பாதை ஓரம், அப்புறம் இடுகாடு. 1850, 60களில் வந்தவர்கள் உழுவதற்கு முன்னாலேயே பிள்ளைகளைப் புதைத்துவிட்டார்கள். அந்த மூலையை மட்டும் யாரும் உழவில்லை. அப்படி ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போன வருடம் போனேன். நாலு பக்கமும் மக்காச்சோளம், நடுவே கம்பி வேலிக்குள் ஐந்து ஏக்கர்கூட இருக்காது. வயலிலிருந்து உள்ளே போக ஒரு படி ஏற வேண்டியிருந்தது, முழுசாக ஓரடி. மேடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட வந்த பேராசிரியர் சிரித்தார். "அது ஏறவில்லை, வயல் இறங்கிவிட்டது." நூற்றைம்பது வருட உழவில் போன மண்ணின் அளவுதான் அந்தப் படி. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி சோள வட்டாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் கரும் மேல்மண் அறவே போய்விட்டது.

நெடுவழி

அந்தப் படி மனதிலேயே நிற்கிறது தம்பி.

சைக்கிள்மணி

சரி, கிண்டலை விட்டுக் கேட்கிறேன். அந்த மண்ணில்தானே உலகத்துக்கே சோறு விளைகிறது? சோளத்தை எடுத்துவிட்டுப் பூ வளர்த்தால் வயிறு நிறையுமா?

மண்வாசகன்

நியாயமான கேள்வி மணி அண்ணா. ஆனால் ஐயோவாச் சோளத்தில் பாதிக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. அது கார் குடிக்கிற சோறு. எல்லா வயலையும் பிரெய்ரியாக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரத்தில் ஒன்று இரண்டாக ஆகட்டும் என்றுதான் கேட்கிறோம்.

தோட்டக்காரி

இந்த இழையைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே! நான் இலினாயில் பதினாலு வருடம். ஜோலியட் பக்கம் மிடேவின் என்று ஒரு பிரெய்ரி, வார இறுதியில் அங்கே விதை பொறுக்கப் போவேன். மாநிலத்துக்குப் பட்டப்பெயரே "பிரெய்ரி மாநிலம்". நல்ல நிலையில் மிச்சம் இருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணில்லாத பிள்ளைக்குக் கண்ணாயிரம் என்று பேர் வைத்த கதைதான்.

மிடேவின் முன்பு இராணுவ வெடிமருந்து ஆலை. இரண்டாம் உலகப் போரில் அங்கே டிஎன்டி செய்தார்கள். புல் மூடிய பதுங்குக்கிடங்குகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. 1996இல் பிரெய்ரி என்று அறிவித்து, 2015இல் 27 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் செய்வதெல்லாம் பொறுக்குவது, உமி நீக்குவது, விதைப்பது. எழுதினால் ஒரு வரி. செய்ய இடுப்பு ஒடியும்.

காம்பஸ் செடி விதை எடுப்பது எப்படி என்றால், தண்டு உங்களைவிட உயரம். வளைத்துப் பிடித்தால் பிசின் விரலெல்லாம் ஒட்டும், பைன் மர வாடை. (பழங்குடிக் குழந்தைகள் அந்தப் பிசினைச் சூயிங்கம் மாதிரி மெல்வார்களாம். நானும் மென்று பார்த்தேன், டர்பன்டைன்.) ஒவ்வொரு தலையிலும் சுற்றி ஓரத்தில் மட்டும்தான் விதை, தட்டையாக, முருங்கை விதை இறக்கை மாதிரி ஓரம். அதிலும் பாதியைப் புழு தின்றிருக்கும். கொண்டுவந்து ஈர மணலில் கலந்து குளிர்காலம் முழுக்கக் குளிரில் வைக்க வேண்டும். குளிர் படாவிட்டால் முளைக்காது. முளைத்த பிறகும் பல வருடம் நாலு இலையோடு சும்மா உட்கார்ந்திருக்கும். அத்தனையும் வேருக்குப் போகிறது. ஐந்து வருடத்துக்கு முன் போட்ட திட்டு ஒன்று இன்னும் பூக்கவில்லை, நான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்படிச் செய்தும் தம்பி சொன்னதுதான் உண்மை, பழைய பிரெய்ரி மாதிரி வராது. புல் வரும், பெரிய மஞ்சள் பூக்கள் வரும். சின்னச் சின்ன இனங்கள் வராது. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை, அதை நம்பியிருக்கும் ஆர்க்கிட், ஒரே செடியைத் தின்று வாழும் பூச்சி, இதெல்லாம் பாக்கெட்டில் கிடைக்காது. ராக்ஃபோர்டு விமான நிலையத்துக்குள் பெல் பவுல் என்று ஒரு பழைய திட்டு இருந்தது, நல்ல பகுதி ஐந்து ஏக்கர். அழிவின் விளிம்பில் உள்ள துருநிறத் திட்டுள்ள வண்டுத்தேனீயை (rusty patched bumble bee) 2021இல் அங்கே கண்டுபிடித்தார்கள். சரக்கு விமானப் போக்குவரத்துக்குச் சாலை வேண்டும் என்று 2023 மார்ச்சில் அதன் நடுவே புல்டோசர் ஓடியது. "வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாமே" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். எட்டாயிரம் வருடத்தை எங்கே போய் நடுவது?

ஒமாஹா சேவியர்

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஃபிளின்ட் ஹில்ஸில் தீ வைக்கிறார்கள். சில வருடங்களில் இருபது லட்சம் ஏக்கர் எரிகிறது. தெற்குக் காற்று அடித்தால் அந்தப் புகை இருநூறு மைல் தாண்டி லிங்கன் நகருக்கும் எங்கள் ஒமாஹாவுக்கும் வருகிறது. என் சின்ன மகளுக்கு ஆஸ்துமா. அந்த இரண்டு வாரம் ஜன்னல் திறக்க மாட்டோம், பள்ளியில் அவளை வெளியே விட வேண்டாம் என்று கடிதம் கொடுக்கிறேன். இயற்கையைக் காப்பாற்றத் தீ வைப்பது என்ன கணக்கு?

தோட்டக்காரி

சேவியர் அண்ணா, பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது இப்போது? புகைப் பிரச்சினை நிஜம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தீ இல்லாமல் பிரெய்ரி இல்லை.

இந்தப் புல்லின் வளரும் முனை மண்ணுக்குள் இருக்கிறது. தீ மேலே ஓடிப்போகும், முனை சாகாது. மரக்கன்றுக்கு முனை மேலே, அது கருகும். கன்சாஸ் மேன்ஹாட்டன் அருகே கொன்சா பிரெய்ரி என்ற ஆய்வு நிலையத்தில் நாற்பது வருடத்துக்கும் மேலாக இதைச் சோதிக்கிறார்கள். ஒரு பள்ளத்தாக்கை வருடந்தோறும் எரிப்பது, அடுத்ததை நாலு வருடத்துக்கு ஒருமுறை, இன்னொன்றை இருபது வருடத்துக்கு ஒருமுறை. எரிக்காமல் விட்டது இன்று புதரும் மரமுமாக இருக்கிறது. பூர்வகுடிகள் இதை ஆய்வு நிலையம் வைத்துத் தெரிந்துகொள்ளவில்லை. எரித்தால் இளம்புல் வரும், இளம்புல்லைத் தேடிப் பைசன் வரும் என்று தலைமுறை தலைமுறையாக எரித்தார்கள். யாரும் கை வைக்காத காடு என்று நாம் நினைப்பது அவர்கள் பராமரித்த நிலம்.

நான் ஒரு எரிப்பில் நின்றிருக்கிறேன். முதலில் காற்று போகிற பக்கம் ஒரு பட்டையை எரித்துக் கறுப்பாக்குவோம். அப்புறம் இரண்டு பக்கமும். கடைசியாகக் காற்று வருகிற பக்கம் ஒருவர் டிரிப் டார்ச்சைச் சாய்த்துக்கொண்டே நடப்பார்; டீசலும் பெட்ரோலும் கலந்த நெருப்பு சொட்டுச் சொட்டாக விழும். அதன் பிறகு ஐந்து நிமிடம்தான். தகரக் கூரையில் பெருமழை விழுகிற சத்தம், முகம் தாங்காது, பத்தடி பின்னால் போவோம். அடங்கியதும் கறுப்புத் தரையில் விரலால் கிளறிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்குக் கீழே மண் சில்லென்று இருந்தது. பத்து நாளில் பச்சை.

ஒமாஹா சேவியர்

மகள் நன்றாக இருக்கிறாள், நன்றி அக்கா. எரிப்பது வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் எல்லோரும் அந்த இரண்டு மூன்று வாரத்திலேயே எரிக்க வேண்டும்? அதுதான் என் சண்டை. பண்ணைக்காரர்களிடம் கேட்டால் ஏப்ரலில் எரித்தால்தான் மாட்டுக்கு எடை ஏறும் என்கிறார்கள். இந்த எரிப்பு பிரெய்ரிக்காகவா, மாட்டிறைச்சிக்காகவா? இரண்டையும் ஒரே வாயால் சொல்லாதீர்கள்.

தோட்டக்காரி

இந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். கொன்சாவிலேயே இருபது வருடத் தரவை வைத்து 2014இல் எழுதினார்கள்: இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ எரித்தாலும் புல்வெளிக்குக் கேடில்லை. ஏப்ரல் என்பது பெரும்பாலும் பழக்கம். எல்லா நிலத்தையும் ஒவ்வொரு வருடமும் எரித்து, மாட்டையும் நெருக்கி விட்டால் பிரெய்ரிக் கோழிக்கு முட்டையை மறைக்க ஒரு கைப்பிடிப் புல் மிஞ்சாது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரித்து மாற்றி மாற்றிப் போவது நல்லது, புகையும் குறையும். அந்த வழிக்கு வந்த பண்ணைகளும் உண்டு, எண்ணிக்கை குறைவு.

ஒமாஹா சேவியர்

அப்படிச் சொல்லுங்கள். இன்னொன்று, எங்கள் ஊர்ப் பெருமை. மரம் நடும் நாள், ஆர்பர் டே, 1872இல் தொடங்கியது நெப்ராஸ்காவில். புல்வெளியில் வந்து இறங்கியவர்களுக்கு மரம் இல்லாதது குறையாகப் பட்டது. மாநிலத்தின் நடுவே மணல் மேட்டில் ஒரு தேசியக் காடு இருக்கிறது, 1902இல் தொடங்கி கையால் நட்டது! காற்றுத் தடுப்புக்கென்று வரிசை வரிசையாக வைத்த செஞ்சீடர் மரம் இப்போது தானாகப் பரவி மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது. "பச்சைப் பனிப்பாறை" என்கிறார்கள் அதை. மரம் நடுவது புண்ணியம் என்றுதான் நானும் வளர்ந்தேன். இங்கே வந்து பார்த்தால் மரம் வெட்ட ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்க்கிறார்கள்.

ரெஜைனா ராசன்

நான் கனடாப் பக்கத்தில் இருக்கிறன், சஸ்காட்சுவான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே நிலம்தான் பாருங்கோ, புல் மட்டும் கொஞ்சம் குட்டை.

எங்கட ஊருக்கு ரெஜைனா என்று விக்டோரியா மகாராணிக்காகப் பெயர் வைத்தது 1882இல், ரயில் வந்தபோது. அதற்கு முதல் கிரீ பழங்குடி மக்கள் சொன்ன பெயருக்குப் பொருள் "எலும்புகள் குவிந்த இடம்". பைசனை வேட்டையாடிய இடத்தில் எலும்பைக் குவித்து வைப்பார்களாம். எலும்பு இருக்கிற இடத்துக்கு மந்தை திரும்பி வரும் என்று நம்பிக்கை. மந்தை வரவில்லை. கோடிக்கணக்கில் இருந்தது 1889 அளவில் கண்டம் முழுக்க ஆயிரம் சொச்சம் என்று ஆகிவிட்டது. பிறகு மிச்சம் கிடந்த எலும்பையும் வண்டியில் பொறுக்கி, ரயிலேற்றி, உரத்துக்கும் சீனி வெளுக்கவும் தெற்கே அனுப்பினார்கள். மந்தை போய்ப் பட்டினி கிடந்த குடும்பங்களே அந்த எலும்பைப் பொறுக்கிக் கூலி வாங்கின. அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பைசன் போன இடத்தில் கோதுமை வந்தது, கோதுமையைச் சேர்த்துவைத்து ரயிலேற்ற மரத்தாலான எலிவேட்டர்கள், அதாவது உயரமான தானியக் கிடங்குகள், வந்தன. ஏழெட்டு மைலுக்கு ஒன்று, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி. 1930களில் கனடாவில் 5,700க்கு மேல் நின்றன. இப்போது சில நூறுதான். ரயில் கிளைப் பாதையை மூட, எலிவேட்டரை இடிக்க, பள்ளிக்கூடம் மூட, கடை மூட, ஊரே மூடுகிறது. புல்லை அழித்தவர்களின் ஊரும் அழிகிறது என்று சந்தோசப்பட மனம் வரவில்லை. அங்கே தேத்தண்ணி தந்த கிழவி நல்ல மனுசி.

ஒரு நல்ல செய்தியும் சொல்லுறன். தெற்கே கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 2005 டிசம்பரில் 71 பைசனைக் கொண்டுவந்தார்கள். மண்ணில் பாதி புதைந்த பெரிய பாறைகள் அங்கே இருக்கு, பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. நூறு வருடத்துக்கு முந்திய பைசன்கள் உடம்பு உரசி உரசித் தேய்த்தது. கை வைத்துப் பார்த்தன்.

மண்வாசகன்

ராசன் அண்ணா, பைசன் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கொன்சாவில் கணக்கு இருக்கிறது. 29 வருடம் பைசன் மேய்ந்த இடத்தில் நாட்டுத் தாவர இனங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாடு மேய்ந்த இடத்தில் அதைவிடக் குறைந்த ஏற்றம்தான்.

கல்வெட்டு

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். மகன் லாரன்ஸில் இருப்பதால் இரண்டு முறை கன்சாஸ் வந்திருக்கிறேன். புல், பைசன் என்று எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அந்த மண்ணுக்குரிய மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

முதல் முறை வந்தபோது தினமும் ஆற்றோரம் ராபின்சன் பூங்கா வழியாக நடப்பேன். அங்கே ஒரு பெரிய செந்நிறப் பாறை, 20 டன்னுக்கு மேல் எடை. அதில் ஓர் உலோகப் பட்டயம், முதலில் குடியேறியவர்களின் பெயர்கள். ஏதோ நினைவுக்கல் என்று நினைத்துக் கடந்து போவேன். அது கா என்ற பழங்குடி மக்களின் வழிபாட்டுக் கல் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு இன்னொரு பெயர் கன்சா. மாநிலத்துக்கே பெயர் கொடுத்தவர்கள். 1873இல் அவர்களைக் கவுன்சில் குரோவ் பக்கத்திலிருந்து இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டிவிட்டார்கள். 1929இல் ஊர்க்காரர்கள் அந்தக் கல்லைப் பெயர்த்துவந்து, குடியேறியவர்களின் பெயரைப் பதித்து வைத்தார்கள். கோயில் மூலவரைப் பெயர்த்துப் போய் அதன் மேல் நன்கொடையாளர் பட்டியல் எழுதியது போல.

இரண்டாம் முறை வந்தபோது கல் இல்லை. கா மக்கள் கேட்டு, நகரமும் கொடுக்கச் சம்மதித்து, 2024இல் கவுன்சில் குரோவ் அருகே அவர்கள் திரும்ப வாங்கியிருக்கும் நிலத்தில் வைத்துவிட்டார்கள். நெடுவழி தம்பி போன அதே 177ஆம் சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கவுன்சில் குரோவ். பூங்காவில் கல் இருந்த இடத்தில் சற்று நேரம் நின்றேன். மகன் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெடுவழி

இழையைத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை மண்வாசகன் தம்பி அழைத்ததால் மூன்று மணி நேரம் ஓட்டி டெமாய்ன் பக்கம் நீல் ஸ்மித் புகலிடத்துக்குப் போனேன். அணுமின் நிலையத்துக்காக வாங்கிப் போட்ட நிலம், நிலையம் வராமல் பிரெய்ரியானதாம். ஆளுக்கொரு காகிதப் பை கொடுத்தார்கள். கோழிக்கால் கதிரை விரல்களுக்கு நடுவே வைத்து உருவினால் விதை பஞ்சு பஞ்சாகக் கையில் வந்துவிடும். கம்பங்கதிர் கசக்கியவர்களுக்குப் புரியும். நாலு மணி நேரத்தில் ஒன்றரைப் பை. தம்பி மூன்று பை எடுத்தார், அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சாக்ஸ் முழுக்க விதை. மனைவி வாஷிங் மெஷினில் போடப் போனாள்; பிடுங்கி வைத்துக்கொண்டேன். அக்கா, இதை வீட்டு முன்னால் விதைக்கலாமா?

சைக்கிள்மணி

சார் முழுசாகக் கெட்டுப்போய்விட்டார்.

தோட்டக்காரி

தாராளமாக. இப்போதே தூவி மிதித்துவிடுங்கள், குளிரை அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் வருடம் களை மாதிரிதான் இருக்கும், பிடுங்கிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். நான் முன்வாசலில் வைத்த இரண்டாம் வருடம், "புல் அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிட்டது" என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து நோட்டீஸ், தினசரி அபராதம் வேறு. ஆறு மாதம் அலைந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு யோசனை சொன்னார். நடைபாதை ஓரம் இரண்டடி அகலத்துக்கு மட்டும் மெஷின் ஓட்டி ஒழுங்காக வெட்டிவிட்டு, நடுவே ஒரு சின்னப் பலகை வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நோட்டீஸும் இல்லை. உள்ளே எட்டடி உயரம் நிற்கிறது.